சேலத்திலிருந்து ஒரு நாள் கடலோர நடை: முட்டமா, வர்க்கலாவா, கோகர்ணமா, தரங்கம்பாடியா?

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். "அண்ணா, நாங்க ஆறு பேர். மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுல நடக்குறோம். இந்தத் தடவை கடலோரமா ஒரு நாள் முழுக்க நடக்கணும்னு ஆசை. வெறும் மணலா இல்லாம பாறை, மேடு எல்லாம் இருக்கணும். ரெண்டு பேர் கோகர்ணம்ங்கறாங்க, ரெண்டு பேர் வர்க்கலாங்கறாங்க. கூட எங்க அம்மாவும் வர்றாங்க, 61 வயசு, நல்லா நடப்பாங்க. அவங்க தரங்கம்பாடியே போதும்ங்கறாங்க. நீங்க சொல்லுங்க."

இதே கேள்வியை இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள். சேலத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஏறக்குறைய 200 கிலோமீட்டராவது போக வேண்டும். அதனால் கடற்கரை என்றால் நமக்குக் காலை நனைத்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பும் இடம்தான். அதன் ஓரமாகவே காலையிலிருந்து மாலை வரை நடப்பது நம் பழக்கத்தில் இல்லை. கர்நாடகத்துக் கோகர்ணம், கேரளத்து வர்க்கலா, நம் கிழக்குக் கரையில் தரங்கம்பாடி என்று இவர்கள் சொல்லும் மூன்று இடங்களிலும் நான் நடந்திருக்கிறேன். நாலாவதாக முட்டத்தை நானே சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து அதை யாரும் யோசிப்பதே இல்லை.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஐந்துக்கும் ஒரே எடை கிடையாது.

முதலாவது, பாதியில் விலகும் வழி. ஏற்காட்டில் யாருக்காவது கால் பிசகினால், ஏதாவது ஒரு காபித் தோட்டத்துக்குள் இறங்கிப் போனால் தார்ச்சாலை வந்துவிடும். கடலோரத்தில் அப்படி இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தான மேடு என்று மாட்டிக்கொண்டால், வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியதுதான். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சாலைக்கு ஏறலாம் என்பதை வரைபடத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். கூட்டத்தில் வயதானவரோ குழந்தையோ இருந்தால் மற்ற நாலும் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது மணல். உலர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். பாதம் புதைந்து, ஒவ்வோர் அடியிலும் மணலைப் பின்னால் தள்ளுவதிலேயே பாதிப் பலம் போய்விடும். கரை வேறு கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஏற்காட்டில் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று 15 கிலோமீட்டர் சாதாரணமாகச் சுற்றிவருகிறவர்கள் மணலில் 9 கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அலை வந்து போன ஈர மணல் மட்டும் கெட்டியாக இருக்கும். அதில் நடக்க வேண்டுமானால் கடல் வற்றியிருக்கும் நேரம் தெரிய வேண்டும்.

அதுதான் மூன்றாவது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். இன்றைக்குக் காலை 8 மணிக்கு வற்றியிருந்தால் நாளைக்கு ஏறக்குறைய 8.50-க்கு வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடும். நம் தமிழ்நாட்டுக் கரையில் இந்த வித்தியாசம் சிறியது, கோகர்ணப் பக்கம் அதைவிட அதிகம். அங்கே பாறையைச் சுற்றிப் போகும் ஒரு மூலை காலையில் நடைபாதையாகவும் மதியம் தண்ணீராகவும் இருக்கலாம்.

நாலாவது வெயில். ஐயாயிரம் அடிக்குப் பக்கத்தில், சில்வர் ஓக் நிழலில் நடந்து பழகிய உடம்பு நம்முடையது. கடலோரத்தில் மேலேயிருந்தும் அடிக்கும், மணலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எதிரொளிக்கும். காற்று வீசிக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது. சாயங்காலம் கழுத்துப் பின்புறம் எரியும்போதுதான் தெரியும்.

ஐந்தாவது போக வர ஆகும் நேரமும் பணமும். இதில் ரயில் டிக்கெட்டை மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடிக்கும் நடைக்கு, பையை எங்கே வைப்பது என்ற கேள்வி கட்டாயம் வரும். அறை எடுக்காவிட்டால் நாள் முழுக்க முதுகில்தான்.

## முட்டம் முதல் குளச்சல் வரை

கன்னியாகுமரி மாவட்டம், ஏறக்குறைய 10 கிலோமீட்டர். பெங்களூரு–நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் சேலம், நாமக்கல், கரூர் வழியாகப் போகிறது. இரவு ஏறினால் காலையில் நாகர்கோவில். அங்கிருந்து முட்டத்துக்குப் பேருந்து உண்டு. ஆறு பேர் என்றால் ஆட்டோவோ வேனோ பேசிக்கொள்ளலாம். நடையை முடித்து அன்றைக்கே இரவு வண்டியில் ஏறினால் மறுநாள் விடியும்போது சேலம் ஜங்ஷன். அறை வாடகையே கிடையாது.

முட்டத்தில் நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே கலங்கரை விளக்கம், கீழே அலை மோதும் பெரும் பாறைகள், பின்னால் தேரி என்னும் செம்மணல் மேடு. நம் சேர்வராயன் மலை சார்னோகைட் பாறையால் ஆனது. நாகர்கோவில் வட்டாரத்திலும் அதே இனப் பாறை பரவிக் கிடக்கிறது. ஏற்காட்டில் ஆயிரம் முறை உட்கார்ந்த கல்லின் சொந்தக்காரன் இங்கே கடலோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அங்கிருந்து வடமேற்கே கடியப்பட்டணம். வள்ளியாறு கடலில் சேரும் இடம் இதுதான். முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் அப்படியே கடந்துவிடலாம். திறந்திருந்தால் ஊருக்குள் ஏறிச் சாலை வழியாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து மணவாளக்குறிச்சி. மணல் இங்கே கறுப்பாக மின்னும். இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்கள் கலந்த மணல், அதைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலையும் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பகுதியில் கரையை விட்டுச் சாலையில் நடப்பதே நல்லது. அப்புறம் மண்டைக்காடு. பகவதி அம்மன் கோயிலிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். கடைசியில் குளச்சல். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கரை, அதன் நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு உறுதி.

இந்த நடையின் பெரிய பலம், வரிசையாக மீனவ ஊர்கள் இருப்பது. ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை தெரு வரும், டீக்கடை வரும், பேருந்து வரும். யாருக்கு முடியவில்லையோ அவர் ஏறிப் போய்க் குளச்சலில் காத்திருக்கலாம். கிளம்பும்போது காலை வெயிலும் முதுகுப் பக்கம்தான் இருக்கும்.

குறைகளும் உண்டு. கடல் அரிப்பைத் தடுக்கப் பல இடங்களில் பாறாங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவும் போட்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் மணற்கரையே இருக்காது, சாலைக்கு ஏறித்தான் போக வேண்டும். தொடர்ச்சியாக அலையோரம் நடக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இன்னொன்று, இது சுற்றுலாக் கரை கிடையாது, ஊர் மக்கள் வேலை செய்யும் இடம். வலை காயும், மீன் காயும், கரையில் நின்றபடியே கரைமடி வலை இழுப்பார்கள். வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

முதல் முறை போனபோது முட்டத்தில் ஒரு பெரியவர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மக்களே, அந்தப் பாறையில ஏறாதீங்க. கடல் சும்மா கெடக்குத மாதிரிதான் தெரியும். ஒரு அலை வந்தா போதும்." நாங்கள் ஏறவில்லை. பத்து நிமிடத்தில் அந்தப் பாறை முழுக்க நனைந்தது.

மாசி மாதம் மண்டைக்காட்டில் கொடை விழா 10 நாள் நடக்கும். அந்த நாட்களில் பேருந்து, சாலை எல்லாம் நெருக்கடி, நடைக்கு வேண்டாம்.

## வர்க்கலா முதல் காப்பில் வரை

செங்குத்து மேடும் கடலும் ஒட்டி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றால் நாலில் வர்க்கலாவுக்கு ஈடு இல்லை. மேலே செம்பாறாங்கல், கீழே மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைப் பாதுகாக்க வேண்டிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. மழைத் தண்ணீர் செம்பாறாங்கல் வழியாக இறங்கி, களிமண் அடுக்கில் தடைபட்டு, மேட்டின் இடுப்பில் ஊற்றாகக் கசிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பாபநாசம் கரையிலிருந்து வடக்கே மேட்டு விளிம்பிலேயே பாதை, பிறகு ஓடயம், இடவா, கடைசியில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலுமாக இருக்கும் காப்பில். எல்லாம் சேர்த்து 8 கிலோமீட்டருக்குள். மேடு மேற்கே பார்த்து நிற்பதால் காலை 9 மணி வரை அடிவாரத்தில் நிழல் இருக்கும். வெயிலுக்குப் பயப்படுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையும் பெரும்பாலும் கெட்டி. கடைகளுக்குக் குறைவில்லை.

சேலம் வழியாக பெங்களூரு–கன்னியாகுமரி ஐலண்ட் எக்ஸ்பிரஸ் வர்க்கலாவுக்கே போகிறது. ஆனால் பாலக்காடு, எர்ணாகுளம், கொல்லம் என்று சுற்றிப் போவதால் நேரம் பிடிக்கும். போய் இறங்கிய நாளிலேயே முழு நடையும் போக முடியாது, ஓர் இரவு தங்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் மேட்டு விளிம்பை ஒட்டிய அறைகளின் வாடகை எகிறும். ஊருக்குள், ரயில் நிலையத்துப் பக்கம் அறை எடுத்தால் பாதிச் செலவு மிச்சம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மேடு உதிர்ந்துகொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் பாளம் பாளமாகச் சரியும். விளிம்பில் நின்று படம் எடுப்பது, மேட்டடியில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, இரண்டும் வேண்டாம். நடையின் முதல் பாதியில் கடை, ஓட்டல், பாட்டு என்று கூட்டம் இருக்கும். தனிமை தேடிப் போகிறவர்களுக்கு ஓடயம் தாண்டிய பிறகுதான் மனசு அடங்கும்.

## கோகர்ணம்

ஊர்க் கரையில் தொடங்கி, குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று ஒவ்வொரு கரைக்கும் நடுவே ஒரு குன்று கடலுக்குள் நீண்டிருக்கும். ஏறு, இறங்கு, மணல், மறுபடி ஏறு. கடலோர நடை என்று படத்தில் பார்த்து நாம் ஆசைப்படுவது சரியாக இதுதான். ஓம் கரைக்கு மேலே நின்று பார்த்தால் இரண்டு பிறைகளைச் சேர்த்து வைத்தது போல் அந்த எழுத்து வடிவம் தெளிவாகத் தெரியும். மலையேறிப் பழகிய கால்களுக்கு இந்த நடை உடனே பிடித்துப்போகும்.

விலை என்ன என்றால், நேரம். சேலத்திலிருந்து பெங்களூரு போய் அங்கிருந்து இரவுப் பேருந்தோ ரயிலோ பிடிக்க வேண்டும், அல்லது மங்களூரு போய்க் கொங்கண் ரயிலுக்கு மாற வேண்டும். ஒரு நாள் நடைக்கு மொத்தம் மூன்று நாள் விடுப்பு. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு கிடைப்பதே பெரிய பாடு.

ஓம் கரை வரை சாலை உண்டு. அதற்கு அப்பால் ஹாஃப் மூனுக்கும் பாரடைஸுக்கும் கால்நடையாகவோ படகிலோதான் போக முடியும். பாரடைஸுக்கு முன்னால் வரும் பாறைத் தடம் ஈரமாக இருந்தால் வழுக்கும். எங்களோடு வந்த நண்பர் ஒருவருக்கு அங்கே கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. தூக்கிக்கொண்டு திரும்பவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, படகுக்காரர் கேட்ட தொகையைக் கொடுத்து ஏற்றி அனுப்பினோம். அன்றிலிருந்துதான் விலகும் வழியை முதல் அளவுகோலாக வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அந்தப் படகும் ஓடாது.

## தரங்கம்பாடி முதல் பூம்புகார் வரை

செங்குத்து மேடு இல்லை, பாறை முனையும் இல்லை. தம்பி கேட்டதில் பாதி இங்கே கிடைக்காது. ஆனாலும் அவர் அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது.

சேலத்திலிருந்து மயிலாடுதுறைக்கு நேரடி ரயிலே இருக்கிறது. இரவு அங்கே தங்கி, விடியற்காலையில் தரங்கம்பாடி போய்விடலாம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, பக்கத்தில் கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். அங்கிருந்து வடக்கே சின்னங்குடி, வானகிரி வழியாகப் பூம்புகார். நேர்கோட்டில் பார்த்தாலே 13 கிலோமீட்டர், நாலில் இதுதான் நீளம். முழுக்க மணல், முழுக்க வெயில். சமதரைதானே என்று நினைத்து இதைச் சுலபமான நடை என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு.

இடையில் சிறு முகத்துவாரங்கள் உண்டு. ஒரு மார்கழியில் நாங்கள் போனபோது மழைத் தண்ணீர் மணல் திட்டை உடைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவுதான் என்று இறங்கப் பார்த்தோம், வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் தடுத்தார்கள். ஊருக்குள் புகுந்து, சாலையைப் பிடித்து, மறுபடி கரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை போனால் இந்தத் தொல்லை குறைவு.

ஆனால் முடிவில் இருப்பது காவிரி. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது, நம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே கடல் மாதிரி தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கல்லணையில் பிரிந்து, வயல்வயலாகக் கொடுத்துக் கொடுத்து, பூம்புகாரில் அது ஒரு சின்ன வாய்க்கால் போலத்தான் கடலில் சேர்கிறது. வெயிலில் 13 கிலோமீட்டர் நடந்து அந்த இடத்தில் போய் நின்றபோது எங்களில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சேலத்துக்காரர்கள் ஒருமுறையாவது கால்நடையாகப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முட்டம்–குளச்சல் | வர்க்கலா–காப்பில் | கோகர்ணம் | தரங்கம்பாடி–பூம்புகார் |
|---|---|---|---|---|
| நடை தூரம் | சுமார் 10 கி.மீ. | 8 கி.மீ.க்குள் | போகும் கரையைப் பொறுத்து. ஏற்ற இறக்கம் அதிகம் | 13 கி.மீ.க்கு மேல் |
| பாறை, மேடு | முட்டத்தில் நிறைய, பிறகு குறைவு | வழி நெடுக மேடு | வழி நெடுக குன்றும் பாறையும் | இல்லை |
| பாதியில் விலக | மிகச் சுலபம் | சுலபம் | ஓம் தாண்டினால் கடினம் | ஊர்கள் வரும் இடத்தில் மட்டும் |
| நிழல் | ஊர்களில் | காலையில் மேட்டடியில், கடைகளில் | குன்றுகளில் மரநிழல் | இல்லை |
| சேலத்திலிருந்து | இரண்டு இரவு ரயிலில், ஒரு பகல் | ஓர் இரவு தங்க வேண்டும் | மூன்று நாள் | ஓர் இரவு தங்க வேண்டும் |
| எதிர்பாராத செலவு | ஆட்டோ, வேன் | சீசன் அறை வாடகை | படகு, விடுப்பு | மயிலாடுதுறை அறை, திரும்பும் வண்டி |
| நல்ல மாதங்கள் | டிசம்பர்–பிப்ரவரி | டிசம்பர்–பிப்ரவரி | நவம்பர்–பிப்ரவரி | ஜனவரி பிற்பாதி–மார்ச் |

## மாதமும் கடலும்

மேற்கு பார்த்த மூன்று கரைகளுக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை போகவே வேண்டாம். ஆனி, ஆடியில் குமரிக் கரையில் கச்சான் காற்று பலமாக அடிக்கும், அலை சாலை வரைக்கும் ஏறும். கிழக்குக் கரைக்கு ஐப்பசி, கார்த்திகை வேண்டாம்.

இவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாதது கள்ளக்கடல். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயல் அடித்தால், அந்த அலை நாட்கணக்கில் பயணம் செய்து நம் தென்கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே மாதம் முட்டத்துக்குக் கிழக்கே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. ஹைதராபாதில் இருக்கும் தேசியக் கடல்சார் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்திகளிலும் வரும். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள் கிளம்பும் முந்தின நாள் இதைப் பார்க்காமல் வண்டி ஏறாதீர்கள். எச்சரிக்கை இருந்தால் டிக்கெட் காசு போனால் போகட்டும்.

## அம்மாபேட்டைத் தம்பிக்கு

அம்மாவும் வருகிறார்கள் என்பதால் முட்டம் போங்கள். பாறையும் மேடும் முதல் ஒரு மணி நேரத்திலேயே கிடைத்துவிடும், அப்போது எல்லாருக்கும் தெம்பு இருக்கும். அதற்கு மேல் அம்மா எந்த ஊரிலும் நிறுத்திக்கொள்ளலாம், மண்டைக்காட்டில் சாமி கும்பிட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கலாம். கோகர்ணம் கேட்ட இரண்டு பேரையும் அடுத்த வருடம் நவம்பரில் தனியாக, மூன்று நாள் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதை ஒரு நாளில் அடக்க முயன்றால் பயணக் களைப்புதான் மிஞ்சும். வர்க்கலா, கூட்டத்தில் யாருக்காவது முழங்கால் வலி இருந்தால் முதலிடத்துக்கு வந்துவிடும். தூரம் குறைவு, தரை கெட்டி.

டிக்கெட்டை சீக்கிரம் எடுங்கள், வார இறுதியில் நாகர்கோவில் வண்டி வேகமாக நிறைந்துவிடும். கிளம்பும் முன்னால் இரண்டு ஞாயிறு, காலணி இல்லாமல் உழுத வயலில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். மணலுக்கு அதைவிட நல்ல பயிற்சி சேலத்தில் இல்லை. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கழுத்தை மறைக்கும் துண்டு, காலையில் சாப்பிட எலுமிச்சைச் சாதம். அம்மாவுக்குத் தரங்கம்பாடி ஆசையும் இருக்கிறதே, மாசியில் ஒரு நாள் கோட்டை வரைக்கும் கூட்டிப் போய், காலையில் 3 கிலோமீட்டர் மட்டும் நடந்துவிட்டு, பூம்புகாருக்குப் பேருந்தில் போய்க் காவிரியைக் காட்டுங்கள்.